ஒரு முழத் தூரம்

மலாவி ஏரிக்கு மறுகரை தெரியாது.
கரையில், சுவர் எழும்பாத சபைக்குள்
காலை ஏழுக்கே வரிசை வந்து உட்கார்ந்துவிட்டது.
நாங்கள்தான் தாமதம்.
ஜெனரேட்டரை விட்டுவிட்டு வந்திருந்தார் கிளாட்வின்,
பிரசங்கக் குறிப்பை மறக்கவில்லை.

என் பங்குக்கு ஒரு தகரப் பெட்டி.
முன்னூற்றுப் பன்னிரண்டு கண்ணாடிகள்,
யார் யாரோ போட்டுக் கழற்றியவை.
ஒன்றின் காதுத்தண்டில் இன்னும்
யோசித்துக் கடித்த யாரோ ஒருவரின் பல்தடம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான அட்டையில்
ஒரே எழுத்துதான்,
மூன்று கால் நீட்டிப் புரண்டு புரண்டு கிடக்கும்.
கால் எந்தப் பக்கமென்று கையால் காட்டினால் போதும்.
ஒரு பெண் எல்லாவற்றுக்கும் மேலேயே காட்டினாள்.
கூரையில் பல்லி.
வரிசை முழுக்கச் சிரித்தது, அவளும்.

டோக்கன் ஒன்று, யாமிகானி. மீன்காரர்.
வலை பழுதுபார்க்கையில் கண்ணி இரண்டிரண்டாகத் தெரிகிறதாம்.
பிளஸ் இரண்டரை, கறுப்புச் சட்டம்.
"இது கிட்டப் பார்க்க மட்டும்.
ஒரு முழத் தூரம். அதற்கப்பால் எல்லாம் புகை" என்றேன்.
லிம்பிகானி அதைச் சிச்சேவாவில் சொல்ல
அவர் முழங்கையை நீட்டி அளந்து
விரல்நுனியில் ஒட்டியிருந்த செதிலைப் பார்த்தார்.
நெடுநேரம் பார்த்தார்.
கண்ணாடியை வலைநூலில் கோத்துக்
கழுத்தில் கட்டிக்கொண்டு எழுந்தார்.
நன்றி சொன்னாரா, தெரியாது.
டோக்கன் இரண்டைக் கூப்பிட்டுவிட்டேன்.

மதியம்,
சோளக்களியும் பொடிமீனும் கையில் இருக்கையில்
காற்று திரும்பியது.
தெற்கிலிருந்து வருவதற்கு ம்வெரா என்று பெயர்.
அட்டை பறந்தது, எழுத்து நிஜமாகவே உருண்டது.
கண் தெரியவில்லையென்று வந்தவர்கள்
எனக்கு முன்னால் பார்த்துவிட்டார்கள்,
ஒற்றைமரத் தோணி கவிழ்ந்து
மீனின் வயிறுபோல் மிதப்பதை.

நாலு மணிக்குக் கொண்டுவந்தார்கள்.

மாலைக் கூட்டம் இல்லை.
கழிப்பறைக் குழிக்கென்று வாங்கிய மண்வெட்டிகளை
நான்கு வாலிபர்கள் இரவல் கேட்டார்கள்.
எதற்கென்று கிளாட்வின் கேட்கவில்லை.
குறிப்புத்தாளை எட்டாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டு
அவர்களுக்குத் தண்ணீர் சுமக்கப் போனார்.

எனக்கு ஒரு சித்தெஞ்சியைச் சுற்றிவிட்டு
பெண்கள் நடுவே, பாயில், இடம் ஒதுக்கினார்கள்.
"உன் பாஷையிலேயே ஜெபி" என்றார் மூப்பர்,
"அவனுக்கு இனி மொழிபெயர்ப்பு எதற்கு."
"ஆண்டவரே" என்றேன்.
அடுத்த வார்த்தை இல்லை.
பழக்கத்தில் நாக்கு ஸ்தோத்திரத்துக்குப் போக
பல்லைக் கடித்து நிறுத்தினேன்.
என் மௌனத்தை ஆமென் என்று எடுத்துக்கொண்டு
அவர்கள் பாடத் தொடங்கினார்கள்.

எஸ்நாத், அவர் மனைவி.
நம் வேதத்தில் ஆஸ்நாத், யோசேப்புக்கு வாய்த்தவள்.
அவள் பாடவில்லை.
அவர் கழுத்து வலைநூலை அவிழ்த்தாள்.
ஒரு பக்கச் சில்லு ஏரிக்குள் போயிருந்தது.
மிச்சத்தைத் துணியில் துடைத்துப் போட்டுக்கொண்டு
விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
எல்லாம் புகையாக இருந்திருக்கும்.
பிறகு குனிந்தாள்.
சரியாக ஒரு முழம்.
அங்கேயே இருந்தாள்.

கண்ணாடியைத் திருப்பித் தரவேண்டுமா என்று
லிம்பிகானி வழியாகக் கேட்டனுப்பினாள்.
அந்தக் கேள்வியை மட்டும்
இன்னும் கையில் வைத்திருக்கிறேன்,
வேண்டாம் என்று சொல்லியாயிற்று என்றாலும்.

இரவு, டார்ச் வெளிச்சத்தில் அறிக்கைப் படிவம்.
சுவிசேஷம் கேட்டோர் எத்தனை பேர்?
அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போனேன்.
கண்ணாடி பெற்றோர் பட்டியலில்
டோக்கன் ஒன்றுக்கு நேரே
ஒன்று என்று எழுதி, அடித்து,
இரண்டு என்று எழுதினேன்.
கிளாட்வின் எட்டிப் பார்த்தார். கையெல்லாம் மண்.
"கூட்டினால் கணக்கு உதைக்குமே" என்றார்.

உதைக்கட்டும்.